பிளேட் வாங்க முன் தகரத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்விகளுக்குக் கோண்டாவில் கராஜிலிருந்து பதில்கள்

சென்ற இதழில் ஷொக் அப்ஸோபர் பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பங்கு ஒரே இடத்தைச் சுற்றி நிற்கின்றன. சஸ்பென்ஷன் பொடியில், அதாவது காரின் உடலில், பிடிக்கிற இடத்தைப் பலப்படுத்த வேண்டும். அந்த இடத்தில் ஒட்டுகிற இரும்புப் பிளேட் வாங்குவதா, இரண்டு பக்கத்தையும் இணைக்கிற பார் வாங்குவதா, இணைப்புகளில் இருக்கிற ரப்பருக்குப் பதிலாகக் கடினமான புஷ் போடுவதா என்று கேட்கிறீர்கள். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025இல்தான் திரும்பவும் திறந்தார்கள், அதுவும் பெரிய வரியோடு. கையில் இருக்கிற காரையே இன்னும் பல வருடம் ஓட்ட வேண்டியவர்களின் கடிதங்கள் இவை. ஆகவே இம்முறை வேறெதையும் எடுக்கவில்லை.

கேள்வி: என்னுடையது 2002ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ இ46, 318ஐ, மனுவல் கியர். கிளச்சை விட்டு எடுக்கும்போது பின்னுக்கு "டொக்" என்று சத்தம் வருகிறது. இந்த மொடலில் பின் சப்ஃபிரேம் பிடிக்கிற தரை வெடிக்கும் என்கிறார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து மச்சான் வருகிறார். பிளேட் செற் கொண்டுவரச் சொல்லலாம். 2 மில்லிமீற்றரிலும் இருக்கிறது, 5 மில்லிமீற்றரிலும் இருக்கிறது, அலுமினிய புஷ்ஷோடு சேர்த்தும் விற்கிறார்கள். எதை எடுப்பது? முன் ஸ்ரட்டுக்கும் (ஷொக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) பிளேட் வேண்டுமா?
— கொக்குவில் வாசகர்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. ஜெர்மனியில் நான் பொடி வேலை செய்த காலத்தில் இந்த மொடலின் பின்தரையைத் திறந்து ஒட்டுவது எங்களுக்கு வழமையான வேலை. எம்3 போன்ற வலுக்கூடிய கார்களுக்கு மட்டும் வருகிற வருத்தம் என்று நினைக்க வேண்டாம், 318இலும் கண்டிருக்கிறேன்.

காரணத்தை விளங்கிக்கொண்டால் எதை வாங்குவது என்பது தானாகத் தெளியும். எஞ்சின் பலத்தைப் பின் சில்லுகளுக்குப் பிரிக்கிற டிஃபரன்ஷியலும் குறுக்கு ஆர்ம்களும் சப்ஃபிரேம் என்ற சட்டத்தில் பூட்டியிருக்கின்றன. அந்தச் சட்டம் நான்கு பெரிய ரப்பர் புஷ்களின் வழியாகக் காரின் தரைத் தகரத்தில் தொங்குகிறது. கிளச்சை விட்டதும் டிஃபரன்ஷியல் மூக்கைத் தூக்கப் பார்க்கும், காலை எடுத்ததும் திரும்ப இறங்கும். அந்த முறுக்கு முழுவதும் நான்கு புள்ளிகளுக்குத்தான் போகிறது. அங்கே இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்த் தகரம், ஸ்பொட் வெல்டால் பிடித்தது. கட்டுக்கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்துக்கொண்டிருந்தால் கடைசியில் கையோடு வருகிறதே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. ஒரு நாள் விழுந்த ஒரு பெரிய குழியால் வருவதில்லை; ஆயிரக்கணக்கான சின்ன வளைவுகளால் வருகிறது.

இப்போது உங்கள் "டொக்". அதற்குத் தரைதான் காரணம் என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. டிஃபரன்ஷியல் புஷ் கிழிந்தாலும் இதே சத்தம். கியர்பெட்டிக்குப் பின்னால் புறப்பெல்லர் ஷாஃப்ற்றைப் பிடிக்கிற வட்ட ரப்பர் வெடித்தாலும் இதே சத்தம். பின் சில்லைப் பொடியோடு பிடிக்கிற ட்ரெயிலிங் ஆர்மின் புஷ் தேய்ந்தாலும் ஏறத்தாழ இப்படித்தான். முதலில் இந்த மூன்றையும் பாருங்கள். பிறகு சப்ஃபிரேமைச் சற்று இறக்குங்கள். பூட்டின நிலையில் பார்த்தால் விளிம்பு மட்டும்தான் தெரியும், வெடிப்பு புஷ்ஷுக்கு நேர் மேலே ஒளிந்திருக்கும். அடித்தரையில் பூசிய அண்டர்சீலில் மயிரிழை போன்ற கோடும் அதன் பக்கத்தில் கறள் கசிந்த பழுப்பு நிறமும் தெரிந்தால் அந்த இடத்தைச் சுரண்டி, வெறுந்தகரம் வந்தபிறகு ரோச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் சிவப்புச் சாயம் விசிறி, துடைத்து, வெள்ளைப் பவுடர் விசிறிப் பார்க்கிற முறை இருக்கிறது. வெடிப்பு இருந்தால் சிவப்புக் கோடாக எழுந்து வரும். உட்பக்கமும் முக்கியம். பின் சீற்றையும் பூட் (டிக்கி) விரிப்பையும் தூக்கி மேலிருந்து பாருங்கள்.

வெடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வயதுக் காருக்குப் பிளேட் போடுவது நல்ல செலவு. தடிப்பில் 2 முதல் 3 மில்லிமீற்றருக்குள் நில்லுங்கள். ஐந்தை வாங்காதீர்கள். ஒரு மில்லிமீற்றர்த் தகரத்தில் ஐந்து மில்லிமீற்றர் இரும்பை ஒட்டினால் பிளேட் அசையாது, அதன் விளிம்பில் தகரம் வளையும், புதிய வெடிப்பு அந்த விளிம்பை ஒட்டியே தொடங்கும். வெல்டிங்கும் கடினம். தடித்ததை உருக்கக் கூடுதல் சூடு வேண்டும், அந்தச் சூடு மெல்லிய தகரத்தை எரித்துவிடும். பிளேட்டின் வேலை பாரத்தைப் பரப்புவது. ஆகவே தடிப்பைவிடப் பரப்பையும் வடிவத்தையும் பாருங்கள்: மூலைகள் உருண்டையாக இருக்க வேண்டும், போல்ட் இடத்தைச் சுற்றிய சின்ன வட்டமாக நிற்காமல், ஸ்பொட் வெல்ட் வரிசையைத் தாண்டி, பக்கத்தில் இருக்கிற பெட்டிச் சட்டத்தின் சுவர் வரை மடிந்து ஏற வேண்டும், நடுவில் துளைகள் இருந்தால் இன்னும் நல்லது, விளிம்பில் மட்டுமல்லாமல் உள்ளேயும் வெல்டால் பிடிக்கலாம். சாதாரண மைல்ட் ஸ்ரீல் போதும். ஸ்ரெயின்லெஸ் வேண்டாம். நாகமுலாம் பூசியதும் வேண்டாம். வெல்ட் பண்ணும்போது வருகிற வெள்ளைப் புகை நெஞ்சுக்குக் கேடு, வெல்டிலும் ஓட்டை விழும்.

இன்னொன்று கவனியுங்கள். போல்ட் ஏறுகிற முகத்தின் மேல் பிளேட் வருகிறதா, அதைச் சுற்றி நிற்கிறதா? மேலே வருவதானால் அந்தத் தடிப்பளவுக்குச் சப்ஃபிரேம் கீழிறங்கும், போல்ட் உள்ளே கடிக்கிற நீளமும் குறையும். செற்றில் அதற்கேற்ற போல்ட் தருகிறார்களா என்று மச்சான் கேட்கட்டும்.

அலுமினிய புஷ் வேண்டாம். அது ஓட்டப்பந்தயக் காருக்கு உரியது. ரப்பர் விழுங்குகிற அதிர்வை அது விழுங்காது, நீங்கள் காப்பாற்ற நினைக்கிற தரைக்கே அனுப்பும். மச்சானிடம் நான்கு புதிய ரப்பர் புஷ் கொண்டுவரச் சொல்லுங்கள். சப்ஃபிரேம் இறங்கின நேரத்தில் பழைய புஷ்ஷைத் திரும்பப் போடுவது மனதுக்குச் சரியில்லை. பொலியூரதேன் புஷ் போட்டே தீருவேன் என்றால் சப்ஃபிரேமுக்குப் போடலாம், சத்தம் கொஞ்சம் கூடும். ட்ரெயிலிங் ஆர்முக்கு நான் ரப்பரையே சொல்வேன். அந்த ஆர்ம் மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை, முறுகவும் செய்யும். கடின புஷ் அந்த முறுகலை விடாமல் பிடித்து, பொடியில் பூட்டின பிறக்கற்றைத்தான் இழுக்கும்.

நுரை அல்லது பசை ஊற்றினால் போதும் என்று விற்கிறவர்களும் உண்டு. வெடிக்காத தரைக்கு அது விறைப்பைக் கூட்டும். வெடித்த தகரத்தைச் சேர்க்காது. வெடிப்பு இருந்தால் அதன் இரண்டு நுனியிலும் 3 மில்லிமீற்றர்த் துளை போட்டு நிறுத்தி, வெடிப்பை வெல்டால் நிரப்பி, கிரைண்டரில் மட்டப்படுத்தி, அதன் பிறகுதான் பிளேட்.

வேலைக்கு முன்: பெற்றோல் தாங்கி பின் சீற்றுக்குக் கீழே, வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை இறக்காமல் ஒரு பொறியும் விழக்கூடாது. பற்றறியின் வயரைக் கழற்றுங்கள். விரிப்பு, சீற் நுரை எல்லாம் வெளியே வரட்டும். தண்ணீர் வாளியோடும் தீயணைப்பு உருளையோடும் ஒரு ஆள் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தீ பிடிக்கிறது எப்போதும் வெல்ட் பண்ணுகிறவர் பார்க்காத பக்கத்தில்தான்.

முன் ஸ்ரட்டுக்கும் பிளேட் எடுங்கள், அது மலிவு. ஸ்ரட்டின் மேல்மவுண்டுக்கும் பொடித் தகரத்துக்கும் இடையில், கீழிருந்து செருகுகிற மெல்லிய பிளேட்தான் தேவை, வெல்டிங் இல்லை. ஆனால் முதலில் பொனற்றைத் திறந்து, மூன்று நட்டுக்கும் நடுவில் தகரம் மேல்நோக்கி வீங்கியிருக்கிறதா என்று நேரான ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பெயின்ற் வெடித்திருந்தால் அதுவும் அடையாளம். வீங்கியிருந்தால் தட்டி அமர்த்திவிட்டுத்தான் பிளேட், இல்லாவிட்டால் பிளேட்டும் தகரமும் ஒன்றையொன்று முழுதாகத் தொடாது. பூட்டும்போது சுற்றியுள்ள மூன்று சின்ன நட்டை மட்டும் கழற்றுங்கள். நடுவில் இருக்கிற பெரிய நட்டில் ஸ்பனர் வைக்கவே கூடாது. ஸ்பிரிங்கின் முழுப் பலத்தையும் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். கழன்றால் உயிர் போகும். பிளேட் போட்டபின் ஸ்ரட்டின் போல்ட் நட்டுக்கு மேலால் ஒன்றிரண்டு புரியாவது நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் காரின் சேசிஸ் இலக்கம் வலப்பக்க ஸ்ரட் ரவரின் (ஸ்ரட்டின் மேல்முனை பூட்டுகிற பொடிப் பகுதி) மேல்தான் அடித்திருக்கும். அந்த இடத்தில் கிரைண்டரோ வெல்டோ படக்கூடாது. இலக்கம் அழிந்த காரை வைத்து மோட்டார் திணைக்களத்தில் நீங்கள் படப்போகிற பாட்டை எந்தப் பிளேட்டும் தீர்க்காது.

கேள்வி: என்னுடைய கொரொல்லா 110க்கு ஸ்பிரிங் வெட்டிப் பதித்திருக்கிறேன். முன்பக்கம் ஸ்ரட் பார் போட்டால் வளைவுகளில் நன்றாக நிற்கும் என்று நண்பன் சொல்கிறான். குரோம் பூசியதும் அலுமினியமும் இருக்கின்றன. எது நல்லது?
— நெல்லியடி வாசகர்

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். அந்தக் காசுக்குச் சரியான நீளத்தில் ஸ்பிரிங்கும் புதிய பம்ப் ஸ்ரொப்பரும் வாங்குங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டினதும் ஷொக்குக்கு இருந்த ஓட்டம் குறைந்துபோய்விட்டது. சின்ன மேட்டிலேயே ஷொக் அடிவரை போய் முட்டும். பம்ப் ஸ்ரொப்பர் என்ற அந்த நுரைத்துண்டு நொறுங்கியிருந்தால் இரும்பு இரும்போடு அடிக்கும். அந்த அடி நேராக மேல்மவுண்டுக்கு, அங்கிருந்து ஸ்ரட் ரவருக்கு. நீங்கள் பலப்படுத்தப் பார்க்கிற இடத்தை உடைத்துக்கொண்டிருப்பதே அந்த வெட்டின ஸ்பிரிங்தான்.

ஸ்ரட் பார் என்ன செய்கிறது என்றால், வளைவில் இரண்டு ரவரும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்வதைத் தடுக்கிறது. மேல்நோக்கி வருகிற அடியை அது தாங்காது. எங்கள் வீதிகளில் ஒரு பொடிக்கு வருகிற பாரம் பெரும்பாலும் மேல்நோக்கித்தான்: மதகு, ஸ்பீட் பிறேக்கர், ரயில் கடவை. ஒரு பக்கம் மோதினால் அந்த அடியை மறுபக்க ரவருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அந்தப் பார்தான். உங்கள் காரில் பின்னுக்கும் ஸ்ரட்தான் இருக்கிறது, அதன் மேல்மவுண்டு இருக்கிற இடத்தில் கறள் பார்த்தீர்களா? அதை எழுதுங்கள், அடுத்த முறை பேசலாம்.

கேள்வி: அப்பாவின் மொறிஸ் மைனர் வேலணையில் நிற்கிறது. அவர் காலமான பிறகு நான்தான் வைத்திருக்கிறேன். பின் ஸ்பிரிங் பிடிக்கிற இடத்தில் கறள் என்று ஒருவர் மேலால் ஒரு தடித்த இரும்புத் துண்டை ஒட்டித் தருவதாகச் சொல்கிறார். ஒட்டலாமா? இங்கிலாந்தில் இதற்குச் செய்து விற்கிற துண்டுகள் இருக்கின்றனவாமே?
— வேலணை வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைக் கண்டு எனக்குச் சந்தோசம். 90களில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் போனபோது, ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் காட்டிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. நோயாளியை ஏற்றின, பிணத்தையும் ஏற்றின, இடம்பெயர்ந்தவர்களின் சட்டி பானையையும் ஏற்றின. அப்படிப்பட்ட ஒன்றைக் காப்பாற்ற நினைக்கிறவருக்கு எவ்வளவு எழுதினாலும் தகும்.

கறளின் மேல் இரும்பை ஒட்டக்கூடாது. ஒட்டினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வெல்டுக்குப் பிடிக்க நல்ல தகரம் வேண்டும். கறள் தின்ற தகரத்தில் அது பிடிப்பதாகத் தெரியும், பிடிக்காது. இரண்டு தகரத்துக்கும் இடையில் ஒரு இடுக்கு உண்டாகும். அங்கே ஈரம் நிற்கும். கடலுக்குக் குறுக்கே போகிற பண்ணைத் தாம்போதியால் தினமும் போய்வருகிற காரில் அந்த ஈரம் உப்போடு நிற்கும். வெளியில் புதுப் பெயின்றோடு துண்டு அழகாக இருக்க, உள்ளே தின்றுகொண்டே போகும். பிறகு ஒரு நாள் ஸ்பிரிங் தரையைக் கிழித்து டிக்கிக்குள் ஏறும்.

சரியான முறை: சுத்தியலின் கூர்முனையால் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், கெட்ட இடத்தில் மந்தமாகக் கேட்கும் அல்லது முனை உள்ளே இறங்கும். நல்ல தகரம் தொடங்குகிற எல்லையைச் சோக்கால் கோடிட்டு, கெட்டதை முழுவதும் வெட்டி எடுத்து, அந்த அளவுக்கு அதே தடிப்பில் அல்லது சற்றுக் கூடின தடிப்பில் புதுத்துண்டு செய்து இடையில்லாமல் முழுதாக வெல்ட் பண்ண வேண்டும். நீங்கள் கேள்விப்பட்டபடி இங்கிலாந்தில் பின் ஸ்பிரிங் தாங்கி, சேசிஸ் கால், முன் குறுக்குச் சட்டத்தின் முனைகள் எல்லாம் அச்சு மாறாமல் செய்து விற்கிறார்கள். உறவினர் யாராவது வருவதானால் அவற்றைக் கொண்டுவரச் செய்வது நல்லது. அதிலும் ஸ்பிரிங் தாங்கியை வாங்குங்கள். போல்ட் துளை இருக்கிற இடம் சற்று மாறினாலும் பின் அச்சு கோணலாக நிற்கும், கார் நண்டுபோல் ஒரு பக்கம் இழுத்து ஓடும். மற்றத் துண்டுகளை இங்கேயே தகர வேலை செய்கிற நல்ல ரிங்கர் ஒருவர் மடித்துத் தருவார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் பாருங்கள். இந்தக் காரின் முன் சஸ்பென்ஷனுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக நீளமான முறுக்குக் கம்பி காரின் அடியால் ஓடி, முன் சீற்றுக்குக் கீழே குறுக்குச் சட்டத்தில் பூட்டியிருக்கிறது. முன்பக்கத்தின் முழுப் பாரமும் அந்தச் சட்டத்தில்தான் முடிகிறது. அதன் முனைகள் கறளாவது இந்தக் காருக்குப் பிறவி வருத்தம். பின்னுக்குப் பலப்படுத்திவிட்டு அதைப் பார்க்காமல் விட்டால் பாதி வேலைதான் செய்தீர்கள். அந்தச் சட்டத்தை வெட்ட முன் முறுக்குக் கம்பியின் இறுக்கத்தை எடுத்திருக்க வேண்டும். இதைத் தெரியாத வெல்டரிடம் காரை விடாதீர்கள். முன் சில்லு திரும்புகிற கீழ் மூட்டான ட்ரனியனின் புரிக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்கிறீர்களா? அது தேய்ந்தால் சில்லு மடிந்து கார் வீதியில் குந்திவிடும்.

பெற்றோல் தாங்கி டிக்கியின் தரைக்குக் கீழேதான் தொங்குகிறது, பின் ஸ்பிரிங் தாங்கிக்கு அண்மையில். வெல்டிங்குக்கு முன் தாங்கியைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுபோய் வையுங்கள். காரை நான்கு இடத்தில் மட்டமாகத் தாங்கி நிறுத்தி, கதவுகள் நன்றாகப் பூட்டித் திறக்கின்றனவா என்று வேலைக்கு முன்னும் இடையிலும் பாருங்கள். கதவு இறுகினால் பொடி தொய்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, வேலணையில் எந்தக் கிணற்றுத் தண்ணீரில் கார் கழுவுகிறீர்கள்? சவர்த் தண்ணீர் என்றால் அடிப்பகுதிக்கு அது படக்கூடாது. மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்து அடியைக் கழுவுங்கள், வெயிலில் நன்றாக உலரவிட்டு, உட்குழிகளுக்குள் மெழுகு விசிறுங்கள். மெழுகு கிடைக்காவிட்டால் பழைய கியர் ஒயில் இருந்தாலும் போதும், ரப்பர்ப் பாகங்களில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஒரு ஆசிரியை. என் ரொயோட்டா விற்ஸில் ஸ்ரியரிங்கைத் திருப்பும்போது முன்னுக்கு "கிர்ர்... டங்" என்று கேட்கிறது. ஸ்ரட் மவுண்ட் பலப்படுத்துகிற பிளேட் இரண்டு பக்கமும் போட வேண்டும் என்று கராஜில் சொன்னார்கள். செலவு கொஞ்சம் பெரிது. தேவையா?
— சாவகச்சேரி வாசகி

பதில்: ரீச்சர், நீங்கள் எழுதின சத்தத்தைப் பார்த்தால் பிளேட்டுக்கு வேலை இல்லை. ஸ்ரட்டின் மேல்மவுண்டுக்குள் ஒரு பெயரிங் இருக்கிறது. ஸ்ரியரிங் திரும்பும்போது ஸ்பிரிங்கும் ஸ்ரட்டும் அதில்தான் சுற்றும். அது இறுகிப்போனால் ஸ்பிரிங் முறுகி நின்று, பிறகு ஒரே அடியாக விடுபடும். அந்த "டங்" அதுதான். வீட்டிலேயே பார்க்கலாம். காரை மட்டமான இடத்தில் நிறுத்தி, ஒருவர் ஸ்ரியரிங்கை மெல்லத் திருப்ப, நீங்கள் முன் ஸ்பிரிங்கில் வெளிப்பக்கமாகக் கையை மெதுவாக வையுங்கள், சுருளுக்கு இடையில் விரலை விடாமல். ஸ்பிரிங் துள்ளினால் பெயரிங்தான். மவுண்டும் பெயரிங்கும் இரண்டு பக்கமும் மாற்றச் சொல்லுங்கள், ஸ்பிரிங் கழன்ற நேரத்தில் பம்ப் ஸ்ரொப்பரையும் தூசிக் கவரையும் மாற்றிவிடுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கிற பழைய மவுண்ட் வேண்டாம். பொடித்தகடு பழையதாக இருக்கலாம், ஆனால் ரப்பர் பழையதாக இருக்கக்கூடாது.

இந்த வேலைக்கு ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கிற கருவி வேண்டும். கயிறு கட்டிக் கழற்றுகிற இடமென்றால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். வேலை முடிந்தபின் வீல் அலைன்மென்ற் செய்யச் சொல்லுங்கள். தகரம் வெடித்திருப்பதைக் கண்ணால் காட்டினால் மட்டும் பிளேட்டைப் பற்றிப் பேசுங்கள். காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, ரீச்சர். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபிக்க மாட்டார்.

கேள்வி: எங்கள் ஊரில் கேற்றும் ஜன்னல் கிறில்லும் செய்கிறவர் ஆர்க் வெல்டிங்கில் பிளேட்டை ஒட்டித் தருவதாகச் சொல்கிறார். என்னுடையது நிசான் சன்னி. கையால் நன்றாக வேலை செய்வார். விடலாமா?
— பருத்தித்துறை வாசகர்

பதில்: அவர் கைவேலைக்காரர் என்பதை நம்புகிறேன். ஆனால் ஆர்க் வெல்டிங் கேற்றுக்குத்தான். காரின் மெல்லிய தகரத்தில் குச்சியின் சூடு துளை போடும்; துளையை அடைக்க இன்னும் சூடு, இன்னும் பெரிய துளை. துளை விழாமல் சூட்டைக் குறைத்தால் வெல்ட் மேலால் கிடக்கும், உள்ளே கடிக்காது. காஸ் வெல்டிங்கில் முந்தி நல்ல வேலை செய்த பாஸ்மார் எங்களிடம் இருந்தார்கள், ஆனால் அந்தச் சூடு அகலமாகப் பரவித் தகரத்தை மென்மையாக்கும், நெளிக்கும். சஸ்பென்ஷன் மவுண்டுக்கு அதுவும் வேண்டாம்.

சீ.ஓ.2 வெல்டிங் என்று நாங்கள் சொல்கிற மிக் வெல்டிங் இருக்கிற பொடி வேலைத்தலத்துக்குப் போங்கள். 0.6 அல்லது 0.8 மில்லிமீற்றர் வயர், ஆர்கன் கலந்த காஸ் இருந்தால் இன்னும் சுத்தமாக வரும். வெல்ட் பண்ணுகிறவர் அதே தடிப்பான இரண்டு பழைய தகரத்தை ஒட்டிக் காட்டட்டும். ஆறினபிறகு ஒன்றைக் குறட்டில் பிடித்து மற்றதைச் சுத்தியலால் மடக்குங்கள். தகரம் கிழிந்து வெல்ட் நின்றால் அவரிடம் காரைக் கொடுங்கள். வெல்ட் உரிந்து வந்தால் கொடுக்காதீர்கள். ஒரே இழுவையில் சுற்றி முடிக்க விடாமல், ஒரு அங்குலம் இங்கே, அடுத்த அங்குலம் எதிர்ப்பக்கத்தில் என்று மாறி மாறி, இடையில் ஆறவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக்கூடாது. பிளேட் தொடுகிற இரண்டு முகத்திலும் வெல்டைத் தாங்குகிற நாகப் பிறைமர் பூசினபிறகே ஒட்ட வேண்டும், ஏனென்றால் ஒட்டினபிறகு அங்கே எந்தப் பிறஷும் போகாது. வெளி விளிம்பைச் சீலரால் அடைத்து, பெயின்ற் அடித்து, உட்பக்கம் மெழுகு.

உங்கள் வீடு கடற்கரைக்குக் கிட்ட என்றால் பெயின்ற் காய்ந்த கையோடு ஓடத் தொடங்காமல் இரண்டு நாள் நிழலில் விடுங்கள். ஆயிரம் கிலோமீற்றர் ஓடினபிறகு திரும்பவும் ஜக்கில் ஏற்றி வெல்ட் விளிம்புகளைப் பாருங்கள். போல்ட்களை ரோர்க் ஸ்பனரால் சரிபார்க்கும்போது கார் தன் சில்லுகளில் நிற்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் போல்ட்டைச் சில்லு தொங்கின நிலையில் இறுக்கினால் புஷ் முறுகினபடியே பிடிபட்டு, சீக்கிரம் கிழிந்துவிடும்.